கழிவுநீரிலிருந்து எரிவாயு, பசளை, இரசாயனங்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் நெல் ஆலை நடத்துவோர், பட்டி மாடு வைத்திருப்போர், கமக்கார அமைப்புகளில் இருப்போர், பாடசாலை விடுதிகளை நிர்வகிப்போர் ஆகியோரை மனத்திற்கொண்டு இக்கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. இங்கே தரப்படும் கணக்குகள் அண்ணளவானவை. ஒரு திட்டம் யோசிக்கத் தக்கதா, கைவிடத் தக்கதா என்று முடிவு செய்ய அவை போதும்; தொட்டி கட்டுவதற்கு அந்தந்த இடத்து அளவீடுகள் வேண்டும்.

கழிவுநீர் அப்புறப்படுத்த வேண்டிய பொருள்தானே? அதில் பெறுமதியானது என்ன இருக்கிறது?

வீட்டுக் கழிவுநீரின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். எஞ்சியிருக்கும் சிறு பங்கில் இரண்டு வகைச் செல்வம் உண்டு. ஒன்று சேதனப் பொருள். காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதனை உண்டால் எரியக்கூடிய மெதேன் வாயு கிடைக்கும். மற்றையது பயிர்ச் சத்துகளான நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்பவை. சில தொழில்களின் கழிவுநீரில் இவற்றுக்கு மேலாக அமிலங்கள், உலோகங்கள், கொழுப்பு, புரதம் முதலியனவும் அகப்படும்.

இது புதிய எண்ணமன்று. 1669இல் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் தேடிச் சிறுநீரை வற்றக் காய்ச்சியபோது கிடைத்ததுதான் பொசுபரசு. 1895இல் இங்கிலாந்தின் எக்செட்டர் நகரில் டொனால்ட் கமரன் அமைத்த மூடிய மலத்தொட்டியிலிருந்து எடுத்த வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது.

ஆயினும் இருப்பது வேறு, எடுக்கக் கட்டுப்படியாவது வேறு. ஒரு கரண்டி சீனியைத் தேநீர்க் கோப்பையில் கரைத்தால் அதனைத் திரும்ப எடுக்க வழியுண்டு. கிணற்றில் கரைத்தால் எடுக்கலாம் என்று சொல்வதே வீண். கழிவுநீர் எவ்வளவு செறிவாக இருக்கிறது, எடுத்த பொருளைப் பயன்படுத்துபவர் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்ற இரண்டும்தான் இத்துறையில் இலாப நட்டத்தை நிர்ணயிக்கின்றன. பின்வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கையே வெவ்வேறு இடங்களில் போட்டுப் பார்க்கின்றன.

வன்னியில் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பே இல்லையே. இங்கு எதை மீட்பது?

இல்லாமையைப் பலர் குறையாகவே கருதுகின்றனர். இந்த விடயத்தைப் பொறுத்தவரை நான் அதை ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறேன். கொழும்பின் பழைய வலையமைப்பில் குளித்த நீர், சமையலறை நீர், மலசலகூட நீர் எல்லாம் ஒன்றாகக் கலந்து, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் நீள்குழாய்கள் வழியாகக் கடலுக்குள் விடப்படுகின்றன. அவ்வாறு ஐதான பிறகு அதிலிருந்து எதையும் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு. மாறாக, மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்ட வீடுகளில் மலசலகூடக் குழி தனி, குளிக்கும் இடம் தனி. கிணற்றடித் தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போய்விடுகிறது. நெல் ஆலையின் ஊறல் நீரும் பட்டியின் சாணமும் பால் சேகரிப்பு நிலையத்தின் கழுவு நீரும் இன்னும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. செறிந்தவை செறிந்தபடியே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தக்கூடிய வயலும் தோட்டமும் கூப்பிடு தூரத்தில் உள்ளன.

எனவே குழாய் பதித்து எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுத்திகரிக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்படுமானால், நெருக்கமான நகரப் பகுதிகளுக்கு அது தேவைப்படலாம் என்பதை மறுக்காமலே, கிராமங்களுக்கு அது பொருந்துமா என்று இரண்டு தடவை கேட்பது நல்லது.

உயிர்வாயு எனப்படும் இந்த எரிவாயு எவ்வாறு உண்டாகிறது?

காற்றுப் புகாத தொட்டிக்குள் மூன்று, நான்கு கூட்டமான நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதற் கூட்டம் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைக்கிறது. அடுத்தது அவற்றை அசற்றிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களாக மாற்றுகிறது. இறுதியில் மெதேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களையும் ஐதரசனையும் உண்டு வாயுவை வெளிவிடுகின்றன. கிடைக்கும் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மெதேன், எஞ்சியதில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு, சிறிதளவு ஐதரசன் சல்பைட்டு.

கடைசிக் கூட்டம்தான் மிக மெதுவாக வளர்வதும் எளிதில் நோகக்கூடியதும். ஒரேயடியாக அதிக தீனி போட்டால் அமிலம் ஆக்குவோர் முந்திவிடுவார்கள், தொட்டி புளித்துவிடும், வாயு நின்றுவிடும். புளித்த தொட்டியைத் திருத்தச் சில நாள்கள் தீனியை நிறுத்தி, தேவைப்பட்டால் சிறிது நீறிய சுண்ணாம்பு இட்டுக் காத்திருக்க வேண்டும். மேலும் மேலும் சாணம் போடுவது நிலைமையை மோசமாக்கும்.

வெப்பநிலையில் வன்னிக்கு ஓர் அனுகூலம் உண்டு. இந்நுண்ணுயிர்களுக்கு உகந்தது 30 முதல் 37 பாகை செல்சியஸ். ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்தில் தொட்டியைச் சூடாக்கவே விளைந்த வாயுவில் ஒரு பங்கு செலவாகிறது. இங்கு நிலத்துக்குள் கட்டிய தொட்டி ஆண்டு முழுவதும் சூடாக்காமலே இயங்கும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் வாயு சற்றுக் குறையும்.

எத்தனை மாடு இருந்தால் ஒரு வீட்டுச் சமையலுக்குப் போதுமான வாயு கிடைக்கும்?

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2 கன மீற்றர் வாயு வேண்டும். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 25 கிலோ புதுச் சாணம் தேவை. தொழுவத்தில் கட்டி வளர்க்கும் பசு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணமிடும் என்று கொண்டால் நான்கைந்து பசுக்கள் போதும்.

ஆனால் வன்னியில் மாடு வளர்ப்பு அப்படியில்லை. பகல் முழுவதும் காட்டோரத்திலும் குளத்துத் தரவையிலும் மேய்ந்துவிட்டு இரவில்தான் மாடுகள் பட்டிக்கு வருகின்றன. எனவே கைக்கு வருவது இரவுச் சாணம் மட்டுமே, அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு. பத்து மாட்டுக்குக் குறைந்த பட்டியை நம்பித் தொட்டி கட்டுவது ஏமாற்றத்தில் முடியும். அத்துடன் காலபோகம் விதைத்தவுடன் மாடுகளைத் தூரத்து மேய்ச்சலுக்குக் கொண்டுபோய்விடும் வழக்கம் உள்ள ஊர்களில், மழைக்காலத்தில், அதாவது ஈர விறகுடன் போராடும் காலத்தில், தொட்டி பட்டினி கிடக்கும். கைவிடப்பட்ட உயிர்வாயுத் தொட்டி ஒன்றைக் கண்டால் கட்டுமானத்தைக் குறைகூறுமுன், அந்த வீட்டு மாடுகள் கார்த்திகை மாதத்தில் எங்கே நிற்கின்றன என்று விசாரிப்பது நல்லது.

மலசலகூடக் குழியை இணைத்தால்?

ஒரு மனிதரின் மலத்திலிருந்து நாளொன்றுக்கு 25 முதல் 30 லீற்றர் வாயு கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 150 லீற்றர். அடுப்பை அரை மணிக்கூறுக்கும் குறைவாக எரிக்கலாம், காலையில் ஒரு கேத்தல் தேநீருக்குச் சரி. ஆகவே தனி வீட்டுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. சில நூறு பேர் தங்கும் விடுதி, வைத்தியசாலை, பயிற்சி முகாம் போன்ற இடங்களில் சமையலறைக் கழிவையும் சேர்த்தால் கணக்கு மாறும். சோறும் மரக்கறிக் கழிவும், எடைக்கு எடை பார்த்தால், சாணத்தைவிடப் பல மடங்கு வாயு தரக்கூடியவை. மாடு ஏற்கெனவே சத்தை எடுத்துக்கொண்ட மிச்சம்தானே சாணம்.

நெல் ஆலைகளின் ஊறல் நீரைப் பற்றிச் சொல்லுங்கள்.

வன்னியில் கழிவுநீர் மீட்பு என்று பேசத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்துத் தொட்டியைத் திறக்கும்போது வெளிவரும் நீர் ஐதான தேநீர் நிறத்தில் நுரையோடு வரும். திறந்த அன்று அதற்கு ஊறிய நெல்லின் வாசனைதான். அடுத்த நாள் வாய்க்காலில் தேங்கி நிற்கையில் புளித்து, மூன்றாம் நாள் கறுத்து, அயலவர் முறைப்பாடு எழுதும் அளவுக்கு நாறும். அந்த நாற்றமே அதில் உணவு இருக்கிறது என்பதற்கான சான்று. நெல்லிலிருந்து கரைந்த சீனி, மாப்பொருள், புரதம், பொசுபரசு என்பவைதான் அந்த நீரில் உள்ளன.

ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமான ஊறல் நீர் வெளிவரும். நாளொன்றுக்குப் பத்துத் தொன் நெல் ஊறவைக்கும் ஆலையில் 12 கன மீற்றர் என்று கொள்வோம். கழிவின் வலிமையை அளக்கும் இரசாயன ஒட்சிசன் தேவை ஒரு லீற்றருக்கு 3 கிராம் என்று வைத்தால், நாளொன்றுக்கு 36 கிலோ. அதில் ஐந்தில் நான்கு பங்கை நுண்ணுயிர்கள் உண்டால் 29 கிலோ. ஒவ்வொரு கிலோவுக்கும் 0.35 கன மீற்றர் மெதேன் என்பது விதி. ஆக 10 கன மீற்றர் மெதேன். இது ஏறத்தாழ 8 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம்; அதாவது 12.5 கிலோ சிலிண்டரில் பாதிக்குச் சற்று அதிகம், நாள்தோறும். மின்பிறப்பாக்கியில் எரித்தால் 30 அலகு மின்சாரம்.

இவ்வாறான நீருக்குச் சாணத்தொட்டி போன்ற பெரிய தொட்டி வேண்டியதில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்சே லெட்டிங்காவும் அவரது குழுவினரும் 1970களில் உருவாக்கிய மேல்நோக்கு ஓட்டத் தொட்டியில், கீழிருந்து ஏறும் நீர், தொட்டியின் அடியில் மணிமணியாகத் திரண்டிருக்கும் நுண்ணுயிர்ப் படுக்கையை ஊடுருவிச் செல்கிறது. சாணத்துக்கு நாற்பது, ஐம்பது நாள் தேவைப்படும் வேலை அங்கே ஒரு நாளில் முடிகிறது.

ஆலை உரிமையாளர்கள் இதைக் கேட்டவுடன் சொல்லும் மறுப்பு நியாயமானது: கொதிகலனுக்கு உமி சும்மா கிடைக்கிறதே, வாயு எதற்கு? உண்மைதான். உமி இருக்கும் ஆலைக்குள் இந்த வாயுவுக்கு வேலை குறைவு. தொழிலாளருக்கான சமையல், பம்பி அல்லது விளக்குக்கான சிறு மின்பிறப்பாக்கி, அருகிலுள்ள ஓரிரு வீடுகள் அல்லது ஓர் உணவகம் என்று பயன்படுத்துவோர் முன்பே உறுதியாக இருந்தால் மட்டும் வாயுவை வருமானமாக எழுதலாம். மற்றபடி இத்தொட்டியின் மெய்யான வருமானம், நாற்றமும் முறைப்பாடும் உரிமச் சிக்கலும் இல்லாமற் போவதுதான். வாயுவைக் காட்டி விற்கப்படும் திட்டங்களில் இந்த விடயம் மேலோட்டமாகவே சொல்லப்படுகிறது.

இந்த வாயுவைச் சாதாரணச் சமையல் எரிவாயுச் சிலிண்டரில் அடைத்து விற்கலாமா?

கூடாது. சிலிண்டரில் வருவது புரொப்பேன், பியூட்டேன் கலவை. குறைந்த அழுத்தத்திலேயே அது திரவமாகிவிடும். மெதேனை எமது வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அதற்குப் பூச்சியத்துக்குக் கீழ் 82 பாகைக்கு மேலும் குளிரவைக்க வேண்டும். வாயுவாகவே அடைப்பதானால் 200 மடங்கு வளிமண்டல அழுத்தம் தாங்கும் தனிவகை உருளைகள் வேண்டும். வீட்டுச் சிலிண்டர் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று, வெடிக்கும். 2022இல் எரிவாயு வரிசைகளில் நின்ற நினைவில் சிலர் இந்த முயற்சியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது புரிகிறது, ஆயினும் பதில் அதுவே. உயிர்வாயுவை உண்டான இடத்துக்கு அருகிலேயே குழாய் வழியாகவோ இறப்பர்ப் பை வழியாகவோ எரிப்பதுதான் சரி. சுவீடனில் வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டை நீக்கிப் பேருந்து ஓட்டுகிறார்கள். அதற்குரிய வாயு அளவு ஒரு நகரத்தின் அளவு.

அழுகிய முட்டை மணமும் அடுப்பு துருப்பிடிப்பதும் எதனால்? ஆபத்து உண்டா?

இரண்டுக்கும் காரணம் ஐதரசன் சல்பைட்டு. துருப்பிடித்த இரும்புச் சீவல்கள் நிரப்பிய ஒரு குழாய்க்குள்ளே வாயுவைச் செலுத்தினால் அது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சீவல்கள் கறுத்ததும் வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் மீண்டும் சிவந்து பயன்படும். பரப்பும்போது அவை சூடேறும் என்பதால் காய்ந்த இலைக்கு அருகே வைக்கக் கூடாது.

ஆபத்து மிகப் பெரியது. மில்லியனில் நூறு பங்கு அளவை எட்டியதும் இந்த வாயு மூக்கின் மணவுணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. மணம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுபவர் அந்த நேரத்திலேயே இறந்துபோகிறார். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் இவ்வாறே மாள்கின்றனர். மலக்குழி, சாணத்தொட்டி, ஊறல் நீர்க் கிடங்கு எதற்குள்ளும் மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. தீப்பெட்டி கொளுத்திப் பார்ப்பது சோதனையன்று. காற்றில் மெதேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அது வெடிக்கும்.

வாயு எடுத்த பின் வெளிவரும் கரைசலில் சத்து மிஞ்சுமா?

மிஞ்சும். வாயுவாகப் போவது காபனும் ஐதரசனும் ஒட்சிசனும்தான். நைதரசனும் பொசுபரசும் பொற்றாசியமும் ஏறத்தாழ முழுமையாகவே கரைசலில் நிற்கின்றன, நைதரசனில் ஒரு பங்கு பயிர் உடனே எடுக்கக்கூடிய அமோனியா வடிவத்துக்கு மாறியும் விடுகிறது. சாணக் கரைசலை மாலையில் இட்டு மண்ணால் மூடுவது நல்லது. வெயிலில் பரப்பினால் அமோனியா காற்றோடு போய்விடும்.

பொசுபரசை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேசுகிறார்கள்?

நைதரசனைக் காற்றிலிருந்து ஆக்கலாம். பொசுபரசைப் பாறையிலிருந்து மட்டுமே வெட்டியெடுக்க வேண்டும். உலகில் அறியப்பட்ட பொசுபேற்றுப் பாறை இருப்பில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு மொரோக்கோவிலும் மேற்குச் சஹாராவிலும் இருக்கிறது. இலங்கைக்குள் எப்பாவலையில் பாறை உண்டு. அது நீரில் மெதுவாகவே கரைவதால் தென்னை, தேயிலை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு உதவுகிறதே தவிர, மூன்றரை மாதத்தில் அறுக்கும் நெல்லுக்குப் போதுமானதாக இல்லை. எனவே ரி.எஸ்.பி. எனப்படும் பொசுபரசுப் பசளை கப்பலில் வருகிறது. 1990களின் தடைக்காலத்தையும் 2021ஆம் ஆண்டின் இரசாயனப் பசளை இறக்குமதித் தடையையும் கண்ட வன்னிக் கமக்காரருக்கு, கப்பலில் வரும் பசளை ஒரு நாள் வராமலும் போகும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சுவிட்சர்லாந்தும் ஜேர்மனியும் கழிவுநீர்க் கசடிலிருந்து பொசுபரசை மீட்பதைச் சட்டமாக்கியுள்ளன. ஜேர்மனியில் ஒரு இலட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு அது 2029 முதல் கட்டாயம்.

ஸ்ட்ருவைட் என்பது என்ன? அதை இங்கு ஆக்க முடியுமா?

மகனீசியம், அமோனியம், பொசுபேற்று ஆகிய மூன்றும் சம மூல் அளவில் (அதாவது சம எண்ணிக்கையில்), ஆறு நீர் மூலக்கூறுகளுடன் சேர்ந்து படியும் வெண்பளிங்கே ஸ்ட்ருவைட். சுத்திகரிப்பு நிலையங்களில் இது முதலில் அறிமுகமானது குழாயை அடைக்கும் தொல்லையாகத்தான். உளியால் கொத்தி எடுக்க வேண்டிய அளவுக்கு வளைவுகளில் கல்லாகப் படியும். அதையே தொட்டிக்குள் வேண்டுமென்று படியவைத்தால் பசளையாகிறது. எடையில் 12.6 சதவீதம் பொசுபரசு, 5.7 சதவீதம் நைதரசன். நீரில் மெதுவாகக் கரைவதால் மழை கழுவிக்கொண்டு போகாது, பாறைப் பசளைகளில் இருக்கும் கட்மியம் என்ற நச்சு உலோகமும் இதில் மிகக் குறைவு.

கனடாவின் எட்மன்ரன் நகரில் 2007இல் இதைத் தொழில்முறையாக ஆக்கத் தொடங்கினார்கள். எமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் நேபாளம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலுள்ள சித்திப்பூர் கிராமத்தில், சிறுநீரைத் தனியே பிரிக்கும் மலசலகூடங்களிலிருந்து சேகரித்த சிறுநீரைக் கொண்டு, கையால் சுழற்றும் கலக்கியும் துணிப்பையும் வைத்தே ஸ்ட்ருவைட் ஆக்கினார்கள். அங்கே தலையிடியாக இருந்தது மகனீசியத்துக்கான செலவு.

வன்னியின் வடக்கு வாசலில் அந்தத் தலையிடிக்கு மருந்து இருக்கிறது. ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைந்து வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பான நீரில் மகனீசியம் கடல்நீரில் உள்ளதைப்போல் முப்பது மடங்கோ அதற்கு மேலுமோ செறிந்திருக்கும். கடல்நீரில் லீற்றருக்கு 1.3 கிராம், கசப்பு நீரில் 40, 50 கிராம். ஓராயிரம் லீற்றர் சேமித்த சிறுநீரில் கரைந்திருக்கும் 250 கிராம் பொசுபரசைப் பிடிக்க 200 கிராம் மகனீசியம் போதும்; அதாவது நான்கைந்து லீற்றர் கசப்பு நீர். ஒரு தகர வாளிக்குள் அடங்கிவிடும். இதே ஆனையிறவு உப்பைக் கொண்டுதான் ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆக்கியது. அந்த இரசாயன அறிவு இவ்வூருக்குப் புதியதன்று.

செய்முறை எளிது. சேமித்து வைத்த சிறுநீரில் யூரியா அமோனியாவாக மாறிவிடுவதால் அதன் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் தானாகவே 9ஐ அண்மிக்கும்; காரம் சேர்க்க வேண்டியதில்லை. கசப்பு நீரை ஊற்றிப் பத்து நிமிடம் கலக்கினால் தெளிந்த சிறுநீர் பால்போலக் கலங்கி, பின் அடியில் வெண்மணல் படியும். நெருக்கமாக நெய்த துணியில் வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். தகரக் கூரைமீது வெயிலில் போட்டால் 50 பாகையைத் தாண்டிச் சூடேறி அமோனியாவை இழந்துவிடும்.

அப்படியானால் ஊருக்கு ஊர் ஸ்ட்ருவைட் ஆக்கலாமே?

அவசரப்பட வேண்டாம். ஒருவரின் ஓராண்டுச் சிறுநீர் ஏறத்தாழ 500 லீற்றர். அதிலிருந்து ஒரு கிலோ ஸ்ட்ருவைட் கிடைக்கும். ஒரு 50 கிலோ மூடை ரி.எஸ்.பி.யில் உள்ள பொசுபரசுக்கு ஈடாக 80 கிலோ ஸ்ட்ருவைட் வேண்டும். எண்பது பேரின் ஓராண்டுச் சிறுநீர். அதே சிறுநீரில் எட்டு மூடைக்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமமான நைதரசனும் இருக்கிறது. ஸ்ட்ருவைட் அதில் ஐந்து கிலோவைக்கூடப் பிடிப்பதில்லை, மீதி வடிநீரோடு போகிறது. ஒரு மூடையைப் பிடிக்க எட்டு மூடையைக் கைவிடுவதில் பொருளில்லை.

ஆகவே தோட்டம் அருகிலிருந்தால் சிறுநீரைச் சேமித்து நேரடியாக இடுவதே சிறந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 20 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் ஆறு மாதம் மூடிய கலனில் வைத்த சிறுநீரை எல்லாப் பயிர்களுக்கும் பயன்படுத்தலாம். நீர் கலந்து, அடிமரத்தைச் சுற்றிக் கீறிய வாய்க்காலில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும். நெல்லை விட்டுவிட்டு வாழை, பப்பாசி, தென்னங்கன்று ஆகியவற்றில் தொடங்குவதே என் ஆலோசனை. தோட்டம் தூரத்தில் இருந்து, பெரிய விடுதியோ பாடசாலையோ சிறுநீரைத் தனியே சேகரிக்கும் நிலையில், நீரைச் சுமக்காமல் சத்தை மட்டும் சுமக்க வேண்டிய தேவை ஏற்படும்போதுதான் ஸ்ட்ருவைட்டுக்கு இடம் வருகிறது.

இப்படி விளைந்ததை மக்கள் வாங்குவார்களா?

அருவருப்பு இயல்பானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. மலத்தைத் தீண்டாமல் வாழக் கற்றதால்தான் கொலராவும் நெருப்புக் காய்ச்சலும் குறைந்தன. உலர்ந்த, மணமற்ற, மணல்போன்ற பளிங்கைக் கையில் கொடுத்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். மறைத்து விற்பது மட்டும் கூடாது; ஒரு தடவை மறைத்தது தெரிந்தால் அந்த ஊரில் மறுமுறை இப்பேச்சை எடுக்க முடியாது.

பவுசரில் உறிஞ்சிய மலக்கசடை வயலில் நேரே இறக்கலாமா?

கூடாது. சிறுநீருடன் ஒப்பிடவும் கூடாது. மலக்கசடில் வட்டப்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதை முதலில் மணற்படுக்கையில் உலர்த்தி, பின் வைக்கோல், சந்தைக் கழிவு முதலியவற்றுடன் சேர்த்துக் கூட்டெருவாக்க வேண்டும். குவியலின் உள்வெப்பம் 50 பாகைக்கு மேல் பல நாள் நின்றால்தான் முட்டைகள் அழியும். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் கானா நாட்டில் இவ்வாறு மலக்கசடையும் உணவுக் கழிவையும் சேர்த்துக் குருணைப் பசளை ஆக்கும் முறையை உருவாக்கியது. வன்னியில் இதைச் செய்யத்தக்கவர் தனி விவசாயியல்லர், பவுசரை வைத்திருக்கும் பிரதேச சபைதான்.

ஐரோப்பாவில் கழிவுநீரிலிருந்து பிளாஸ்டிக்கும் பசையும் எடுக்கிறார்களாமே?

எடுக்கிறார்கள். நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் ஒரு நிலையம், நுண்ணுயிர் மணிகளிலிருந்து கௌமேரா என்ற பசைப்பொருளை 2019இல் பிரிக்கத் தொடங்கியது. நீரை ஏந்தவும் தடுக்கவும் அது பயன்படும். அமிலங்களை நுண்ணுயிர்களுக்கு ஊட்டி அவற்றின் உடலுக்குள்ளேயே பிளாஸ்டிக்கைச் சேமிக்கச் செய்யும் முறையும் உண்டு. மலசலகூடத் தாளின் நாரை அரித்தெடுத்து வீதித் தாரில் கலக்கிறார்கள். தண்ணீரால் கழுவும் எமக்கு அந்த வளம் வாய்க்கவில்லை. இவை யாவும் பல இலட்சம் பேரின் கழிவு ஓரிடத்தில் சேரும்போது பொருந்துபவை.

கழிவுநீரில் பொன் உண்டா?

உண்டு. சுவிட்சர்லாந்தில் 2017இல் வெளியான ஆய்வொன்று அந்நாட்டுக் கழிவுநீர்க் கசடில் ஆண்டுக்கு 43 கிலோ பொன் போவதாகக் கணித்தது; கைக்கடிகாரத் தொழிலும் பொன் சுத்திகரிப்பும் அதற்குக் காரணம். பெரும்பாலான இடங்களில் எடுப்பது கட்டுப்படியாகாது என்பதே அங்கும் முடிவு.

ஐதரசன், மின்சாரம், பாசி எண்ணெய் முதலியன?

நுண்ணுயிர் மின்கலம் ஒரு சிறு விளக்கை எரிக்கும், பம்பியை ஓட்டாது. பாசி நன்றாக வளரும். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து உலர்த்தி எண்ணெய் எடுக்கச் செலவாகும் சக்தியே கணக்கைக் கெடுக்கிறது. ஆய்வகங்களில் இவற்றைக் கவனிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீட மாணவருக்கு நல்ல ஆய்வுப் பொருள்கள். கடன் எடுத்துச் செய்யும் தொழிலாக இப்போதைக்கு வேண்டாம்.

நண்டு, இறால் பதனிடும் இடங்களின் கழிவு?

ஓட்டிலிருந்து கைற்றின் என்ற நார்ப்பொருளை எடுக்கலாம், விலையும் உண்டு. ஆனால் அமிலத்திலும் காரத்திலும் மாறிமாறி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கழுவு நீர் முதலில் இருந்த கழிவைவிடக் கொடியது. முல்லைத்தீவிலோ பூநகரியிலோ களப்பு ஓரத்தில் அப்படியொன்று தொடங்கப்பட்டால், அமில நீர் எங்கே போகிறது என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கழிவுநீர் வெளியேற்றும் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். ஆறு, குளம், வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்குள் விடும் நீரில் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை (நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும்போது பயன்படுத்தும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமையும், இரசாயன ஒட்சிசன் தேவை 250 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. மேலே கணக்கிட்ட ஊறல் நீரில் இரசாயன ஒட்சிசன் தேவை 3000 மில்லிகிராம். உயிர்வாயுத் தொட்டி ஐந்தில் நான்கு பங்கை நீக்கிய பிறகும் 600 இருக்கும். எனவே தொட்டியின் பின்னால் ஒரு புற்படுக்கையோ குட்டையோ கட்டாயம் வேண்டும். இதைச் செலவுக் கணக்கில் சேர்க்காத மதிப்பீட்டை ஏற்க வேண்டாம்.

தொடக்கம் ஒரு நீர் மாதிரிச் சோதனை. ஊறல் தொட்டியைத் திறந்தவுடன் வரும் நீர், நடுவில் வரும் நீர், கடைசியில் வரும் நீர் என்று மூன்று வேளையும் சம அளவில் எடுத்து ஒரே போத்தலில் கலக்க வேண்டும். முதல் நீரை மட்டும் எடுத்தால் வலிமை வேறாகக் காட்டும். போத்தலை விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். அன்று ஊறவைத்த நெல்லின் எடை, நெல்லினம், ஊறிய மணித்தியாலங்கள் ஆகியவற்றைப் போத்தலில் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டும். காலபோக நெல்லுக்கு ஒரு தடவையும் சிறுபோக நெல்லுக்கு ஒரு தடவையும் இவ்வாறு செய்த பின்னரே தொட்டியின் அளவைப் பற்றி எவரிடமும் பேச வேண்டும்.